கற்பனை நாட்டுக்கு ஒரு திருவிழா அமைப்பது எப்படி?

மூன்று வருடமாக ஒரு ஃபேன்டசி கதை எழுதி வருகிறேன். கடலோரத்தில் உப்பு விளைவித்துப் பிழைக்கும் மக்களின் கதை. அவர்களுக்கு வருடத்துக்கு ஒரு திருவிழா வேண்டும் என்று தோன்றியதும், ஏழு முகம் கொண்ட கடலம்மை, தீப்பந்தம், கூத்து எல்லாம் வைத்துப் பத்துப் பக்கம் எழுதினேன். படித்த தோழி ஒன்றுதான் கேட்டாள்: "இதை அப்படியே மலைநாட்டுக் கதையில் வைத்தாலும் பொருந்துமே?" பத்துப் பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். அப்புறம் கண்டுபிடித்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

சாமியை விட்டுவிட்டு முதலில் வேலையைப் பாருங்கள். அந்த மக்களுக்கு எது வந்தால் வேலை தொடங்கும், எது வந்தால் நிற்கும்? விழா அங்கேதான் முளைக்கும். நான் காவிரிக்கரையில் வளர்ந்தவள். ஆகஸ்ட் 3 வாக்கில் வரும் ஆடிப் பதினெட்டு, ஆற்றில் புதுத்தண்ணீர் வரும் காலம், விதைக்கும் காலம். ஆற்றை மசக்கைக்காரியாக நினைத்துச் சித்திரான்னம் படைப்போம், காதோலை கருகமணி விடுவோம். தண்ணீரை எடுத்துவிட்டால் இதில் ஒன்றுக்கும் பொருள் இல்லை.

உப்பளத்தில் இது நேர்மாறு. என் அத்தை வீடு வேதாரண்யத்தில். ஐப்பசி மழைக்கு முன்னால் உப்பு அம்பாரங்களை ஓலை போட்டு மூடுவதைப் பார்த்திருக்கிறேன். மழை விழுந்தால் பாத்தியில் வேலை இல்லை, கூலியும் இல்லை. ஆனால் வெயிலில் வெந்த காலுக்கு அன்றுதான் ஓய்வு. வருத்தமும் நிம்மதியும் ஒரே நாளில் வருகிறது அல்லவா, என் மக்களுக்கு அந்த முதல் மழை நாளைத்தான் விழாவாக வைத்தேன்.

அடுத்தது நாள் குறிப்பது. பஞ்சாங்கத்தில் வரும் விழாவை விட, அறிகுறி பார்த்து வரும் விழா கதைக்கு அதிகம் உதவும் என்பது என் எண்ணம். முதல் மழை என்று வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தும்பி தாழப் பறக்கத் தொடங்கியதும் யாரும் தூரப் பயணம் போகக்கூடாது என்று ஊரில் ஒரு கட்டுப்பாடு வந்தது. என் கதாநாயகி அதை மீறிப் போகிறாள். சரி, கதை நகர்ந்துவிட்டது.

விவரங்களை அடுக்காதீர்கள், ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மணிமேகலை 28 நாள் இந்திர விழாவோடு தொடங்குகிறது. யானை மேல் முரசு ஏற்றி அறிவிப்பவன், தெருவில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்பச் சொல்கிறான். அந்த மணல் ஒன்றே போதும், சோழர் துறைமுக நகரமான புகாரின் தெரு கண்ணில் நிற்கிறது.

எனக்குக் கிடைத்தது உப்புப் பொம்மை. கடைசியாக வாரிய உப்பை விற்கக்கூடாது. ஈரத்தோடு பிடித்து, அந்த வருடம் வீட்டில் இறந்தவரின் சாயலில் ஒரு சாண் உயரத்துக்குப் பொம்மை செய்து வாசலில் வைக்க வேண்டும். முதல் மழை அதைக் கரைக்கும். முதலில் மூக்கு கரையும், பிறகு முகம், தோள் என்று எழுதியிருந்தேன். சந்தேகம் வந்து செய்தே பார்த்தேன். கல்லுப்பு பிடிபடவில்லை. தூளுப்பை நனைத்து டம்ளரில் அழுத்திக் கவிழ்த்து, இரண்டு நாள் காயவிட்டு, ஒரு தட்டில் வைத்துச் சொம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். தலைப்பக்கம் அப்படியே இருந்தது. தட்டில் தண்ணீர் தேங்கிய அடிப்பாகம்தான் முதலில் இளகியது. பொம்மை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யோசிக்காமல் கை நீட்டிப் பிடித்துவிட்டேன்.

அதுதான் சடங்கு ஆனது. பொம்மை சாயும்போது வீட்டில் கடைக்குட்டி பிடித்துக்கொள்ள வேண்டும், விரலிடுக்கில் முழுவதும் கரைந்து போகும் வரை விடக்கூடாது. எழுதும் சடங்கைக் கையால் ஒரு முறை செய்து பாருங்கள். உட்கார்ந்து யோசித்தால் இது எனக்கு வந்திருக்காது.

உடை, பாட்டு, பலகாரம் எல்லாம் இதற்குப் பிறகு தானாக வரும். பலகாரத்துக்கு மட்டும் ஒரு விதி வைத்தேன்: அன்று எதிலும் உப்பு கிடையாது.

கடைசியாக, விழா நடக்க முடியாத ஒரு வருடத்தையும் எழுதுங்கள். இந்திர விழாவை அரசன் மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது அதே மணிமேகலை. எங்கள் ஊரில் ஆறு வறண்ட ஓர் ஆடிப் பதினெட்டில், அம்மா அடிபம்பில் ஒரு குடம் பிடித்து, அதன் கழுத்தில் மஞ்சள் நூல் சுற்றிக் கும்பிட்டாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. காவிரியை அவள் எவ்வளவு நம்பினாள் என்பது தண்ணீர் புரண்ட வருடங்களில் எனக்குத் தெரிந்ததே இல்லை.

என் கதையிலும் ஒரு வருடம் மழை தவறுகிறது. ஊர் முழுக்க வாசலில் பொம்மைகள் கரையாமல் நிற்கின்றன. கதாநாயகியின் பாட்டி தினமும் விடியலில் வாசல் கூட்டும்போது, தன் புருஷன் சாயலில் இருக்கும் பொம்மையைத் தூக்கி நகர்த்தி, கூட்டி முடித்து, பழைய இடத்திலேயே வைக்கிறாள். நாலாம் நாள் அதனோடு பேசத் தொடங்குகிறாள்.