ஐஸ் ஹாக்கி வீரர்களை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபரில் என்ஹெச்எல் (வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) சீசன் தொடங்கியதும் புதிய ரசிகர்கள் வந்துவிடுகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் சில வாரங்களுக்குள் பேச்சு ஒரே இடத்தில் வந்து நின்றுவிடும்: நம் அணியில் யார் சரியில்லை, யாரைத் தூக்க வேண்டும், ஏன் ஃபேஸ்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்க இரண்டு எதிரிகளுக்கு நடுவில் பக் எனும் ரப்பர் வட்டைப் போடுவது) எல்லாம் தோற்கிறோம். எங்கள் செட் ஆரம்ப காலத்தில் பேசிய அதே வாதங்கள், இப்போது வேறு குரல்களில் வருகின்றன. கொஞ்ச காலம் ஒரு அமெச்சூர் அணியில் உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தேன். அதனால் இந்தத் தவறுகள் ரசிகர் பேச்சோடு நிற்காமல் பெஞ்ச் வரைக்கும் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஐசிங் எது, ஆஃப்சைடு எது என்று குழம்புவதெல்லாம் நாலு ஆட்டம் பார்த்தால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். நன்றாக ஆட்டம் தெரிந்தவர்களும் விழும் குழிகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

## பிளஸ்-மைனஸை நம்பித் தீர்ப்பு சொல்வது

ஒரு வீரர் ஐஸில் இருக்கும்போது அவர் அணி கோல் போட்டால் ஒரு பிளஸ், கோல் வாங்கினால் ஒரு மைனஸ். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பவர் பிளேயில், அதாவது எதிரணி ஆள் ஒருவர் பெனால்டியில் வெளியே இருக்கும்போது, அடிக்கும் கோலுக்கு பிளஸ் கிடையாது. அதே பவர் பிளேயில் எதிரணி தப்பித்துப் போய் ஒரு கோல் அடித்துவிட்டால் மைனஸ் மட்டும் உண்டு. ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது கடைசி இரண்டு நிமிடத்தில் கோலியை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்குவார்கள். அப்போது காலி வலைக்குள் விழும் கோலுக்கும் மைனஸ்தான். அந்த நேரத்தில் பயிற்சியாளர் யாரை இறக்குவார்? தன் சிறந்த ஆட்டக்காரர்களை. அடிக்கடி பின்தங்கும் அணியில் நல்ல ஆட்டக்காரருக்கு மைனஸ் குவிவதில் ஆச்சரியமே இல்லை.

## ஃபேஸ்ஆஃப் சதவீதத்தை சென்டருக்குப் போடும் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வது

"அண்ணா, ஆளு 44 சதவீதம்தான். இவரை எப்படி முதல் லைன் சென்டரா வச்சிருக்காங்க?"

இந்தக் கேள்வி எனக்கு இன்றும் எரிச்சலைத் தருகிறது. கேட்பவர் மேல் எனக்குக் கோபமில்லை. திரையில் பெரிதாகக் காட்டப்படும் ஒரு எண், எதை எண்ணுகிறது என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை. எரிச்சல் அதன் மேல்தான்.

முன்னால் ஆடும் மூவர் ஒரு லைன்: நடுவில் சென்டர், இரு பக்கமும் விங்கர்கள். சிறந்த மூவர் முதல் லைன். ஃபேஸ்ஆஃபுக்கு வழக்கமாக நிற்பவர் சென்டர். முதலில் எண்ணும் முறையைப் பார்ப்போம். லைன்ஸ்மேன் பக்கைப் போடுகிறார், இரண்டு சென்டர்களும் ஸ்டிக்கால் போராடுகிறார்கள், கடைசியில் எந்த அணியிடம் பக் போய்ச் சேர்ந்ததோ அந்த அணியின் சென்டர் கணக்கில் ஒரு வெற்றி ஏறுகிறது. அவர் ஸ்டிக் பக்கைத் தொட்டிருக்கவே வேண்டாம். எத்தனையோ ஃபேஸ்ஆஃப்களில் இரண்டு சென்டர்களும் ஒருவரையொருவர் பூட்டிக்கொண்டு நிற்பார்கள், பக் காலடியில் கிடக்கும், விங்கர் ஓடிவந்து அதைக் கொத்திக்கொண்டு பின்னால் தள்ளுவார். உழைப்பு விங்கருடையது, பேர் சென்டருக்கு. எதிரியின் ஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்து, "நீ வந்து எடுத்துக்கோ" என்று விங்கருக்கு விட்டுக்கொடுப்பது சென்டர்கள் வேண்டுமென்றே செய்யும் ஒரு உத்தியும்கூட. அதனால் விங்கர்கள் சோம்பேறிகளாக இருந்தால் நல்ல சென்டரின் சதவீதமும் சரியும்.

அடுத்தது, யாருக்கு எந்த ஃபேஸ்ஆஃப் கிடைக்கிறது என்பது. இடது கை ஷாட் உள்ள சென்டருக்கு இடது பக்க வட்டம் வசதி, ஏனென்றால் பேக்ஹேண்டில் பக்கைப் பின்னால் இழுப்பதுதான் அவருக்கு வலுவான அசைவு. வலது கை ஷாட் உள்ளவருக்கு வலது பக்கம். அதனால்தான் முக்கியமான நேரத்தில் பல பயிற்சியாளர்கள் இரண்டு சென்டர்களையும் ஒன்றாக இறக்குகிறார்கள். நல்ல சதவீதம் வைத்திருக்கும் ஒருவர், தனக்குப் பிடித்த பக்கத்தில் மட்டும் அதிகமாக நின்றவராக இருக்கலாம்.

2015-16 சீசனில் வந்த விதி மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் எங்கே ஃபேஸ்ஆஃப் நடந்தாலும் வெளியூர் அணியின் சென்டர்தான் முதலில் ஸ்டிக்கைக் கீழே வைக்க வேண்டும். மாற்றத்துக்குப் பிறகு, கோல் பக்கத்து வட்டங்களில் தற்காக்கும் அணியின் சென்டர் முதலில் வைக்க வேண்டும். பின்னால் வைப்பவருக்கு ஒரு நொடி கூடுதலாகக் கிடைக்கிறது. எதிரியின் ஸ்டிக் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அப்படியென்றால் தன் கோல் பக்கத்திலேயே அதிகம் நிற்கும் தற்காப்பு சென்டர், ஒவ்வொரு முறையும் சின்னப் பின்னடைவோடுதான் தொடங்குகிறார்.

பெனால்டி கில், அதாவது பெனால்டியால் ஒரு ஆள் குறைவாக நின்று தற்காக்கும் நேரம், இன்னும் மோசம். எதிரணியில் ஐந்து பேர், நம்மிடம் நாலு பேர். காலடியில் கிடக்கும் பக்கைப் பொறுக்க அவர்களிடம் ஒரு ஆள் அதிகம். பவர் பிளே அணி ஃபேஸ்ஆஃபை அதிகம் வெல்வதற்கு இது ஒரு பெரிய காரணம். பவர் பிளேயில் மட்டும் ஆடும் நட்சத்திரத்தின் சதவீதத்தையும், பெனால்டி கில்லில் உயிரைக் கொடுக்கும் மூன்றாம் லைன் சென்டரின் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அநியாயம்.

அப்புறம், சென்டர் விதி மீறினால் லைன்ஸ்மேன் அவரை வட்டத்திலிருந்து வெளியேற்றிவிடுவார், பதிலுக்கு ஒரு விங்கர் வந்து நிற்பார். விங்கரை ஜெயித்தாலும் அந்த வெற்றி எதிர் சென்டர் கணக்கில் முழுசாக ஏறும்.

சரி, இத்தனையையும் கழித்துவிட்டு உண்மையிலேயே திறமையான ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்தத் திறமையின் விலை என்ன? என்ஹெச்எல் ஆட்டங்களை வைத்துப் புள்ளியியலாளர்கள் போட்ட கணக்கில், தோற்றதைவிட ஏறக்குறைய 76 ஃபேஸ்ஆஃப் கூடுதலாக வென்றால் அது ஒரு கோலுக்குச் சமம் என்று வருகிறது. ஒரு சென்டர் ஆட்டத்துக்கு 20 ஃபேஸ்ஆஃப் என்று 82 ஆட்டமும் நின்றால் 1640. அதில் 55 சதவீதம் வென்றால் 902 வெற்றி, 738 தோல்வி. வித்தியாசம் 164. ஒரு முழு சீசனுக்கு இரண்டு கோல் சொச்சம். 55 சதவீதம் என்பது மிக நல்ல எண். அந்த மிக நல்ல எண்ணுக்கும் சாதாரண 50 சதவீதத்துக்கும் நடுவில் இருப்பது அவ்வளவுதான்.

இப்போது கானர் மெக்டேவிட். 2016-17 சீசனில் அவருடைய ஃபேஸ்ஆஃப் 45 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அதே சீசனில் லீக்கிலேயே 100 புள்ளி (கோலும் அசிஸ்டும் சேர்த்து) எடுத்தவர் அவர் ஒருவர்தான். அதிகப் புள்ளிக்கான ஆர்ட் ராஸ் கோப்பையும் மிக மதிப்புள்ள வீரருக்கான ஹார்ட் கோப்பையும் அவருக்குத்தான். ஜாக் ஹியூஸ் 2022-23இல் நியூ ஜெர்சிக்காக 99 புள்ளி எடுத்து அந்த அணியின் சாதனையைத் தாண்டினார். அவரும் ஃபேஸ்ஆஃபில் பலவீனமானவர். இவர்கள் தோற்ற பக்கை அடுத்த சில நொடிகளில் திரும்பப் பறித்துவிடுகிறார்கள். அந்தப் பறிப்பு ஃபேஸ்ஆஃப் சதவீதத்தில் எங்கேயும் வராது.

"அப்போ பெர்ஜரான்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பாஸ்டனின் பேட்ரிஸ் பெர்ஜரான், சிறந்த தற்காப்பு ஃபார்வர்டுக்கான செல்கி கோப்பையை 6 முறை வாங்கியவர், வேறு யாரும் அத்தனை முறை வாங்கியதில்லை. ஃபேஸ்ஆஃபில் அவர் காலத்தின் தலைசிறந்த கைகளில் ஒன்று அவருடையது. ஆனால் அவர் ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். ஃபேஸ்ஆஃப் தோற்றபோது எங்கே போய் நிற்கிறார், எதிரணி பாஸ் கொடுக்கும் பாதையில் அவர் ஸ்டிக் எப்படி ஏற்கெனவே கிடக்கிறது என்று கவனியுங்கள். அந்த மனிதர் ஃபேஸ்ஆஃபில் சராசரியாக இருந்திருந்தாலும் மகத்தான தற்காப்பு சென்டராகத்தான் இருந்திருப்பார் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தத் தவறு விலை கொடுக்க வைப்பதை நான் நேரில் பார்த்தது அந்த அமெச்சூர் அணியில். எங்களிடம் ஒரு இளம் சென்டர் இருந்தான். கால் வேகம் பிரமாதம். ஃபேஸ்ஆஃபில் தோற்பான், ஆனால் பக்கோடு திரும்பும் எதிர் டிஃபென்ஸ்மேனை அவர் தலை நிமிரும் முன்பே அழுத்திவிடுவான். தலைமைப் பயிற்சியாளர் ஸ்கோர் ஷீட்டில் அவனுடைய சதவீதத்தைப் பார்த்து அவனை விங்குக்கு மாற்றிவிட்டார். அந்த இடத்துக்குக் கை நன்றாக, கால் மெதுவாக இருக்கும் மூத்தவர் ஒருவர் வந்தார். அணியின் ஃபேஸ்ஆஃப் எண் உடனே ஏறியது. ஆனால் சொந்தப் பகுதியிலிருந்து பக்கை வெளியே கொண்டுவர ஆளில்லாமல் போனது. வட்டத்தில் வென்ற பக்கை நடுக்கோடு தாண்டும் முன்பே இழந்துகொண்டிருந்தோம். நான் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். "ஃபேஸ்ஆஃப் நல்லா வருதே" என்ற ஒரே பதில்தான் வந்தது. சீசன் முடிந்ததும் அந்தப் பையன் வேறு அணிக்குப் போய்விட்டான், அங்கே அவனை சென்டராகவே ஆட வைத்தார்கள். இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஃபேஸ்ஆஃபே வீண் என்று நான் சொல்லவில்லை. சில ஃபேஸ்ஆஃப்கள் தங்கம். பவர் பிளே எதிரணியின் கோல் பக்கத்து வட்டத்தில் தொடங்கும். அங்கே தோற்றால் அவர்கள் பக்கை நீளமாக அடித்து மறுமுனைக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் ஓடிப்போய் எடுத்து, திரும்ப அணிவகுத்து வருவதற்குள் இரண்டு நிமிடத்தில் இருபது நொடி போயிருக்கும். ஒரு கோல் முன்னிலையில் கடைசி நிமிடத்தில் உங்கள் கோலியின் பக்கத்தில் வரும் ஃபேஸ்ஆஃபும் அப்படித்தான். நீங்களே ஐசிங் செய்து (நடுக்கோட்டுக்கு முன்பிருந்தே பக்கை எதிரணி கோல் கோட்டைத் தாண்டி அடித்து) மாட்டிக்கொண்டால் களைத்த ஐந்து பேரையும் மாற்ற முடியாது. 2019-20இலிருந்து எந்தப் பக்க வட்டம் என்பதையும் எதிரணியே தேர்ந்தெடுக்கலாம். அந்த நேரத்தில் வட்டத்துக்குள் நல்ல கை இருக்கும் ஆளைத்தான் நானும் தேடுவேன். ஆனால் சீசன் சதவீதம் இந்த ஃபேஸ்ஆஃபையும், நாலு கோல் முன்னிலையில் நடுக்கோட்டில் நடக்கும் ஃபேஸ்ஆஃபையும் ஒரே எடையில் போட்டு வைத்திருக்கிறது.

உங்கள் அணியின் சென்டரை நிஜமாகவே எடைபோட வேண்டுமென்றால் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். யார் வென்றார் என்று எழுதாதீர்கள். பக் விழுந்து பத்து நொடி கழித்து பக் எந்தப் பகுதியில், யாரிடம் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். கூடவே ஒரு மூலையில் விங்கர் நகர்ந்தாரா, நின்று பார்த்தாரா என்று ஒரு குறி. நாலைந்து ஆட்டம் இப்படி எழுதினால் இத்தனை நாள் திட்டியது தவறான ஆளை என்று தெரியவரலாம். எங்கள் செட்டில் ஒருவர் இதைச் செய்துவிட்டு வந்து, "சென்டர் ஓகேண்ணா, இடது விங்தான் நகரவே மாட்டேங்குறார்" என்றார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

## ஹிட்ஸ் எண்ணிக்கையைப் பார்த்து வீரம் என்பது

ஹிட் என்பது பக் வைத்திருப்பவரை உடலால் மோதுவது. மோதுகிறவரிடம் அந்த நேரத்தில் பக் இல்லை.

## பக்கை இழந்த எண்ணிக்கையைக் குறையாகப் பார்ப்பது

பக்கை அதிகம் வைத்திருப்பவர்தான் அதிகம் இழப்பார். இந்தப் பட்டியலின் உச்சியில் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் வழக்கமாக இருப்பார்கள். எண்ணுவது அந்தந்த அரங்கத்தின் ஸ்கோரர்கள் என்பதால் அளவுகோலும் ஊருக்கு ஊர் மாறும்.

## ஒரு மாதச் சூட்டை நம்பிவிடுவது

லீக் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், வலையை நோக்கிச் சரியாகப் போகும் ஷாட்களில் பத்தில் ஒன்று கோலாகிறது. உங்கள் நாலாம் லைன் ஆள் ஒருவர் மூன்று வாரமாக நாலு ஷாட்டுக்கு ஒன்று கோலாக்கிக்கொண்டிருந்தால், அவரை முதல் லைனுக்கு ஏற்றச் சொல்லிக் கொடி பிடிக்காதீர்கள். அவர் எத்தனை ஷாட் எடுக்கிறார், எங்கிருந்து எடுக்கிறார் என்று பாருங்கள். ஷாட் எண்ணிக்கை அப்படியே இருந்து கோல் மட்டும் கூடியிருந்தால் அது இறங்கிவிடும். வறட்சியில் இருக்கும் நட்சத்திரத்துக்கும் இதே கணக்குதான்: ஷாட் வந்துகொண்டிருந்தால் கோலும் வரும்.

## கோலியைப் பழைய அளவுகோலில் அளப்பது

சேவ் சதவீதத்தில் (வந்த ஷாட்களில் கோலி தடுத்த பங்கு) 91.5 என்பது 2015-16இல் லீக் சராசரி. அந்தக் காலத்தில் ரசிகராக ஆனவர்கள் மனதில் அந்த எண் அப்படியே உட்கார்ந்துவிட்டது. புதிதாக வருகிறவர்களும் அவர்களிடமிருந்து அதையே எடுத்துக்கொள்கிறார்கள். 2024-25இல் சராசரி 90ஐ ஒட்டி இறங்கிவிட்டது. இன்று 90.5 வைத்திருக்கும் கோலியை வெளியே அனுப்பச் சொல்பவர், சராசரிக்கு மேலே இருக்கும் ஒருவரைத்தான் அனுப்பச் சொல்கிறார்.