ஷிப்மென்ட் நெருக்கடியிலும் தலைமைப் பண்பு பழகலாம்

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக (ஆடை ஆர்டரை ஷிப்மென்ட் வரை கவனிப்பவர்) ஓடுகிறவருக்குத் தனி வகுப்புக்கு நேரம் ஏது? கோவையில், மேடைப் பேச்சும் தலைமைப் பண்பும் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்கள் இருக்குதுங்க, ஒருதரம் எட்டிப் பாருங்க. 1924-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு. எடுத்த எடுப்பில் மேடை ஏற வேண்டாம். முதலில் டைமர், அதாவது பேசுகிறவரின் நேரத்தைக் கவனிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்க. 5 முதல் 7 நிமிடப் பேச்சுக்கு 5-இல் பச்சை, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு அட்டை. சின்ன வேலைதான்; ஆனால் பேசுகிறவர் பெரிய முதலாளியாகவே இருந்தாலும் அட்டையைத் தூக்கியாகணும். அந்தக் கூச்சம் போனாலே, வயதில் மூத்த கட்டிங் மாஸ்டரிடம் “அண்ணா, இன்னைக்கே முடிச்சாகணுங்க” என்று தயங்காமல் சொல்ல வரும்.

அதற்கும் முடியாதா? காலை புரொடக்‌ஷன் மீட்டிங்கை வாரம் ஒருநாள் நான் நடத்தட்டுமா என்று மேனேஜரிடம் கேளுங்க. யார், எதை, எத்தனை மணிக்குள் முடிப்பார் என்று மட்டும் எழுதிக்கிட்டால் போதும்.