பின்மூடியில் அம்புக்குறி இருந்தால் போதுமா?

பரந்தனில் ஒரு கல்யாண வீடு. லண்டனில் இருந்து வந்திருந்த பெரியப்பா ஒருவர் தன் மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் வைத்தார். "தம்பி, இது இங்கிலீஷ் நேவிக்காரன்ர. பின்னால பார், நம்பரே அடிச்சிருக்கு." பார்த்தேன். ரோலெக்ஸ் சப்மரினர். பின்மூடியில் அம்புக்குறி, கீழே 0552. எல்லாம் சரி. ஸ்ராப்பைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால், கழற்றிப் பூட்டுகிற சாதாரண ஸ்பிரிங் கம்பி. கல்யாண வீட்டில் அதற்கு மேல் பேசக் கூடாது என்று மணிக்கூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன்.

இராணுவச் சுழியோடிகளுக்கென்று செய்த மணிக்கூடுகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்தப் பின்மூடியில்தான். அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான அடையாளம், 0552 பிரிட்டிஷ் கடற்படைக்கான இலக்கம், W10 தரைப்படைக்கானது. இவை இணையத்தில் தேடினால் யாருக்கும் கிடைக்கும். பின்மூடி என்பது முறுக்கிக் கழற்றுகிற ஒரு தகடு. அதில் எழுத்து வெட்ட அரை மணித்தியாலம் போதும். ஆகவே அதைக் கடைசியாகப் பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது காதுகளை, அதாவது ஸ்ராப் மாட்டுகிற இடத்தை. 1970களில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சுக்கு ரோலெக்ஸ் கொடுத்த சப்மரினரில் அந்தக் கம்பிகள் உடலோடு ஒட்டவைக்கப்பட்டவை. கடலுக்கடியில் ஸ்பிரிங் கம்பி தெறித்தால் மணிக்கூடு போய்விடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அப்படியான மணிக்கூட்டில் ஒற்றைத் துண்டாக வரும் நீளத் துணி ஸ்ராப்பைத்தான் கோர்க்க முடியும். அடுத்தது டயல்: வட்டத்துக்குள் T என்ற எழுத்து இருக்க வேண்டும், இருட்டில் ஒளிரும் பூச்சில் ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது என்பதற்கான அடையாளம். முட்கள் வாள் போல அகலமாக இருக்கும். டயலைச் சுற்றியுள்ள சுழல் வளையத்தில் 60 நிமிடத்துக்கும் கோடு இருக்கும். கடையில் விற்ற சப்மரினரில் முதல் 15 நிமிடத்துக்கு மட்டும்தான். சுமார் 1,200 மணிக்கூடுகள்தான் இப்படிப் போயின என்பது சேர்ப்போர் சொல்கிற கணக்கு. ஏலத்தில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டி விலை போயிருக்கிற சாமான் இது. அது உங்களைத் தேடி மலிவாக வருகிறதென்றால் ஏன் என்று யோசிக்க வேண்டும்.

படைக்கு வழங்கியதையும் படையின் பெயரில் கடையில் விற்பதையும் ஒன்றாக நினைப்பது அடுத்த தவறு. ரியூடர் மணிக்கூடுகளை பிரெஞ்சுக் கடற்படை பல வருடங்கள் வாங்கியது. அவற்றின் பின்மூடியில் அந்தக் கடற்படையின் பெயர்ச் சுருக்கமான M.N. என்ற எழுத்தும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். சரி, 2021இல் அதே கடற்படையோடு சேர்ந்து ரியூடர் வெளியிட்ட பெலாகோஸ் எஃப்எக்ஸ்டியைப் பாருங்கள்: பின்மூடியில் M.N.21, கம்பியும் உடலோடு சேர்ந்தது. நல்ல மணிக்கூடுதான், ஆனால் காசிருந்தால் யாரும் வாங்கலாம். "500இல் 37" என்று இலக்கம் போட்டு வருகிற ஞாபகார்த்தப் பதிப்புகளும் இதே சாதி. எண்ணிக்கை குறைவு என்பதால் அது சுழியோடியின் கையில் இருந்தது என்று ஆகாது. சீக்கோ 6105 இதற்கு மறுபக்கம். வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் அதைக் கட்டியிருந்தார்கள், ஆனால் சொந்தக் காசில் வாங்கியது, படை கொடுத்ததல்ல. அதை "இஷ்யூ" என்று சொல்லி விற்பவரிடம் வேறெதையும் வாங்காதீர்கள்.

சோவியத் கம்பனியான வொஸ்டொக்கின் மணிக்கூடுகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. டயலில் ரஷ்ய எழுத்தில் "பாதுகாப்பு அமைச்சின் கட்டளைப்படி" என்று இருந்தாலும், ஒரு படைவீரனுக்கு வழங்கியது என்பதற்கு அது மட்டும் சான்றில்லை. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது வொஸ்டொக் அம்பிபியாதான். 1967இல் வந்தது. ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தமே மூடியையும் கண்ணாடியையும் இன்னும் இறுக்குகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். விலையும் எங்கள் கைக்கு எட்டும்.

இனி நானே விட்ட பிழை. அப்பாவிடம் ஒரு சீக்கோ 6309 இருந்தது, 150 மீற்றர் சுழியோடி மணிக்கூடு. மாமா சவூதியில் வேலை செய்தபோது 80களில் கொண்டுவந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி வன்னிக்குள் வராது. பற்றரி மணிக்கூடெல்லாம் நின்றுபோக, இது அப்பாவின் கை அசைவிலேயே ஓடியது. பக்கத்து வீட்டார் நேரம் கேட்டு வருவார்களாம். அப்பா இறந்த பிறகு அதை நகரத்தில் ஒரு கடையில் சேவிஸுக்குக் கொடுத்தேன். "புதுசு மாதிரி ஆக்கித் தாங்கோ" என்று நானே வாயைக் கொடுத்தேன். ஆக்கித் தந்தார்கள். உடலின் விளிம்புகள் மழுங்கிச் சவர்க்காரக் கட்டி போல வந்தது, டயலுக்குப் பச்சைப் பூச்சு. வயலில் பட்ட கீறலெல்லாம் போய்விட்டது. இயந்திரத்தைத் துப்புரவாக்கி எண்ணெய் போடச் சொல்லுங்கள். உடலையும் டயலையும் தொடவேண்டாம் என்று துண்டில் எழுதிக் கொடுங்கள்.

டயலில் பிறகு பூசிய புது ஒளிர் பூச்சைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ட்ரிட்டியத்தின் சக்தி ஏறக்குறைய 12 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. 50 வருடத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே 1970களின் T டயல் இருட்டில் பளீரென்று எரிந்தால் யாரோ பூசியிருக்கிறார்கள். அதைவிடப் பழைய ரேடியப் பூச்சு வேறு கதை: வெளிச்சம் செத்திருக்கும், கதிர்வீச்சு சாகாது, பாதியாவதற்கே 1,600 வருடம் வேண்டும். வீட்டில் திறந்து சுரண்டாதீர்கள், அந்தத் தூசு மூச்சில் போகக் கூடாது.

டயலில் 200 மீற்றர் என்று இருக்கிறதென்று இரணைமடுவிலோ முல்லைத்தீவுக் கடலிலோ இறங்க வேண்டாம். அந்த இலக்கம் புதிதாக இருந்த நாளுக்குரியது. உள்ளே இருக்கிற றப்பர் வாசர் எங்கள் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். மாரி தொடங்க முன் காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தோடு வையுங்கள்.

வன்னியில் மட்டும் வருகிற ஒரு தவறு இருக்கிறது. காணி துப்புரவாக்கும்போது அகப்பட்டது, சண்டைக் காலத்துச் சாமான், வேணுமா என்று கேட்டு ஆட்கள் வருவார்கள். வாங்காதீர்கள். வெடிக்காதவை இன்னும் கிடக்கிற மண்ணைக் கிண்ட அது ஆட்களைத் தூண்டும். அதோடு, 2023 ஜூன் கடைசியில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் தாழ்க்கக் கிண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டதை மறக்க முடியாது. உடுப்போ மணிக்கூடோ, அப்படிக் கிடப்பதை வைத்துத்தான் காணாமற்போனவரின் வீட்டார் இன்னாரென்று சொல்லக்கூடும். கண்ணாடி உடைந்த ஒரு மணிக்கூட்டை ஒருவர் என்னிடமும் கொண்டுவந்தார். எங்கே எடுத்தது என்று கேட்டேன். சொல்லத் தயங்கினார். "எடுத்த இடத்தோட சேர்த்துக் கிராம அலுவலரிட்டைச் சொல்லுங்கோ அண்ணை" என்றேன். அது எந்தக் கம்பனி என்றுகூட நான் பார்க்கவில்லை.