மண்நாக்குப் பூஞ்சைக்குப் புதுப்பெயர் வைக்கும் முன்

போன வாரம் ஒரு மாணவர் கட்டுரை வரைவு ஒன்றை அனுப்பியிருந்தார். வெப்பமண்டலக் காட்டில் கிடைத்த கறுப்பு மண்நாக்கு (மண்ணிலிருந்து நாக்குபோல் நீளும் பூஞ்சை), ஜியோக்ளாசம் பேரினம், வித்துகள் நிறமற்றவை, குறுக்குச்சுவர் 0 முதல் 3 வரை, ஆகவே புதிய சிற்றினம். படித்ததும் என் பழைய கூத்து அப்படியே கண்முன் வந்தது.

லேபிள் எழுத மறப்பது, படத்தில் அளவுகோல் வைக்காதது போன்றவை ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிட்டு, புதுப்பெயர் வைப்பதில் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பிஞ்சை அளப்பது

மண்நாக்கின் வித்துப்பைக்குள் வித்துகள் இளசாக இருக்கும்போது கண்ணாடி போல நிறமற்று, ஒரே அறையாக நீண்டு கிடக்கும். முற்ற முற்றத்தான் சுவர்கள் ஒவ்வொன்றாக விழும், பழுப்பு ஏறும். ஜியோக்ளாசத்தின் பல சிற்றினங்களில் முற்றிய வித்துக்கு 7 சுவர். இன்னொரு மண்நாக்குப் பேரினத்தைச் சேர்ந்த டிரைக்கோக்ளாசம் ஹிர்சூட்டத்தில் பெரும்பாலும் 15.

இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் ஏமாந்தேன். மழை விட்ட காலையில் பாசிக்குள் நாலு நாக்குகள் கிடைத்தன. ஸ்லைடில் 3 சுவர், வெளிறிய நிறம். சிற்றினத்தைக் கண்டறிய உதவும் எந்தச் சாவியிலும் (பண்புப் பட்டியல்) பொருந்தவில்லை. பொருந்தாததே எனக்கு ஆதாரமாகிவிட்டது! படம் வரைந்தேன், பெயரும் யோசித்தாயிற்று. கட்டுரையை மதிப்பிட்டவர் ஒரே ஒரு வரி எழுதினார்: "முற்றிய வித்துகள் எங்கே?" அடுத்த பருவத்தில் அதே பாசித் திட்டுக்குப் போனேன். அதே நாக்குகள், கரும்பழுப்பு வித்துகள், 7 சுவர். ஏற்கெனவே பெயருள்ள ஒன்று. ஒரு வருடம் போனது போனதுதான். நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. ஜியோக்ளாசம் ஃபாலாக்ஸில் வித்துகள் வெகுகாலம் நிறமற்றே இருக்கும். அதனால் வெளிறிய வித்தைப் பார்த்ததும் பிஞ்சு என்று ஒதுக்கவும் முடியாது. ஒரே திட்டிலிருந்து சிறிதும் பெரிதுமாகப் பல நாக்குகளை எடுங்கள். பறித்த அன்றே ஒரு தலையைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, ஈரம் போகாமல் மூடி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் பூஞ்சை தானே உமிழ்ந்த வித்துகள் துண்டில் கிடக்கும். அவற்றை அளங்கள். பைக்குள் இருப்பதையும் எழுதலாம், ஆனால் தனியாக.

பாராஃபைசிஸை ஓரங்கட்டுவது

வித்துப்பைகளுக்கு இடையில் நிற்கும் இந்த மலட்டு இழைகளின் நுனி வளைந்திருக்கிறதா, உருண்டிருக்கிறதா, பீப்பாய்களைக் கோத்ததுபோல் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் பல சிற்றினங்களைப் பிரிக்கிறோம். முதலில் வெறும் தண்ணீரில் பாருங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மெல்சர் கரைசல் (அயோடின் கலந்த சாயம்) எல்லாம் அப்புறம்.

ஐரோப்பியப் பெயரை ஒட்டுவது, அல்லது அவசரமாகத் தனியாகப் பிரிப்பது

கறுப்பு நாக்கு, முள்மயிர் இருக்கிறது, சரி, ஹிர்சூட்டம் என்று எழுதிவிடுவது ஒரு பக்கம். டிஎன்ஏ வரிசை எதனுடனும் ஒட்டவில்லை, ஆகவே புதியது என்பது மறுபக்கம். பழைய பெயர்கள் பலவற்றின் மூல மாதிரிகளிலிருந்து (பெயர் வைத்தபோது ஆதாரமாக வைத்தவை) வரிசையே எடுக்கப்பட்டதில்லை. டிஎன்ஏ தரவுத்தளத்தில் இல்லாததோடு எப்படி ஒட்டும்? பழைய விவரிப்புகளை எடுத்து வைத்து, அளவுக்கு அளவு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

பச்சை நாக்கு

மைக்ரோக்ளாசமாக இருக்கலாம். அது வேறு வகுப்பு.

பதிவு எண்

2013 ஜனவரி 1 முதல், மைக்கோபேங்க் போன்ற அங்கீகரிக்கப்பட்ட தளத்தில் வாங்கிய எண் இல்லாத புதுப் பூஞ்சைப் பெயர் செல்லாது. கட்டுரை அச்சாகும் முன்பே வாங்குங்கள்.

ஹோலோடைப்பை அறுத்தே தீர்ப்பது

புதுப்பெயருக்கு நிரந்தர ஆதாரமாக வைக்கும் ஒற்றை மாதிரிதான் ஹோலோடைப். அதை அறுத்தே தீர்க்க வேண்டாம். அந்த நாலு நாக்குகளில் நான் அறுத்தது போக மிஞ்சியது, உறைக்குள் ஒரு காம்பு.