பந்தில் காற்று இறங்கிவிட்டதா? யாரையும் கை காட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

கோலாலம்பூரில் செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் ஞாயிற்றுக்கிழமை பாடாங்கில் (திடலில்) இறங்குகிற யாருக்கும் இந்தச் சண்டை புதிது இல்லை. இரண்டாம் பாதி ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், ஒருவர் பந்தைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து "என்னடா இது, காத்தே இல்ல" என்பார், அவ்வளவுதான், யார் பந்து, யார் பம்ப் அடித்தது, பிரேக்கில் யார் கையில் இருந்தது என்று போய், கடைசியில் ஒரு மனுஷன் பெயரில் வந்து நிற்கும்.

எங்கள் டீமில் அப்படி மாட்டியவர் ஒரு மாமா. ஆடுகிற வயசு தாண்டிவிட்டது, ஆனால் பந்துப் பை, தண்ணீர், ஐஸ் பெட்டி எல்லாம் அவர் பொறுப்பு. அன்றைக்கு மூன்று மணிக்குக் கார் பூட்டிலிருந்து பந்தை எடுத்து அங்கேயே பம்ப் அடித்தார். நாலரைக்கு மழை பிடித்தது, அரை மணி நேரம் நின்று திரும்ப ஆரம்பித்தோம். நாங்கள் 2-1 முன்னிலை. பந்து மெத்தென்று இருந்தது உண்மைதான். எதிர் டீமில் ஒருவர் "அண்ணே ஊசி விட்டு எறக்கிட்டாரு, அதான் ஷாட் போகல" என்றார். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் பந்துப் பையை என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது இன்னும் வலிக்கிறது, ஏனென்றால் அன்று அவர் பக்கம் நின்று பேச என்னிடம் ஒரு எண் கூட இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். டீம் நடத்துகிறவர்கள், பந்துப் பை வைத்திருப்பவர்கள், மாமாக் உணவுக் கடையில் உட்கார்ந்து அமெரிக்காவின் 'டிஃப்லேட்கேட்' (பந்தில் காற்றை இறக்கியதாக எழுந்த புகார்) பற்றி இன்றும் அடித்துக்கொள்கிறவர்கள், எல்லோருக்கும் பயன்படும்.

முதலில் ஒரு கேஜ் வாங்குங்கள். ஊசி மாட்டி அழுத்தம் பார்க்கிற சின்னக் கருவி, விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும். ஒன்று போதும், ஆனால் அந்த ஒன்றைத்தான் எப்போதும் பயன்படுத்த வேண்டும். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த அமெரிக்க வழக்கை விட நல்ல உதாரணம் கிடையாது.

நடந்தது 2015 ஜனவரி 18, நமக்கு அது திங்கள் காலை. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் மோதிய ஏஎஃப்சி (அமெரிக்கக் கால்பந்து லீக்கின் ஒரு பிரிவு) இறுதி ஆட்டம். அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு டீமும் தான் தாக்கும்போது தன் சொந்தப் பந்துகளைப் பயன்படுத்தும், அவற்றில் அழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்த அளவு) வரை இருக்க வேண்டும். பேட்ரியாட்ஸ் வீசிய ஒரு பந்தைக் கோல்ட்ஸ் வீரர் டிக்வெல் ஜாக்சன் பிடித்துவிட, அதில் காற்று குறைவு என்று புகார் போனது. இடைவேளையில் பேட்ரியாட்ஸ் பந்துகள் 11-ஐ நடுவர்கள் இரண்டு கேஜ்களால் அளந்தார்கள். எல்லாமே 12.5-க்குக் கீழே. ஆனால் ஒரு கேஜில் சராசரி 11.11, இன்னொன்றில் 11.49. அதே பந்துகள், அதே சில நிமிஷங்கள், கிட்டத்தட்ட 0.4 வித்தியாசம்.

இப்போது அடுத்த எண்ணைப் பாருங்கள். விசாரணைக் குழு அமர்த்திய விஞ்ஞானிகள், சூடான அறையில் 12.5 வைத்து அடைத்த பந்து குளிர்ந்த மைதானத்துக்குப் போய் வந்தால், யாரும் தொடாமலே 11.32 முதல் 11.52 வரை இறங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 11.49 அதற்குள் அடங்குகிறது, 11.11 அடங்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் எந்தக் கேஜைப் பயன்படுத்தினார் என்பதில் மொத்த வழக்கும் தொங்கியது. நடுவர் வால்ட் ஆண்டர்சன் தன் நினைவில் இருந்து ஒரு கேஜைச் சொன்னார், விசாரணை அறிக்கையோ "இல்லை, மற்றதாகத்தான் இருக்கும்" என்றது. ஆட்டத்துக்கு முந்தைய எண்களை அவர் எழுதி வைக்கவே இல்லை. கோடிக்கணக்கான டாலர் புரளும் லீக்கில், ஒரு காகிதத்தில் நாலு எண் எழுதாததால் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள்.

ஆகவே கேஜுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் பையில் இருக்கட்டும். பந்துகளில் மார்க்கரால் 1, 2, 3 என்று எண் போடுங்கள். ஆட்டத்துக்கு முன்னால் நேரம், பந்து எண், பிஎஸ்ஐ, வெயிலா மழையா, இவ்வளவு போதும். எதிர் டீம் கேப்டனைக் கூப்பிட்டுக் காட்டி அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். கூச்சமாக இருக்கும், முதல் வாரம் சிரிப்பார்கள், பரவாயில்லை.

சரி, எவ்வளவு அழுத்தம் வைப்பது? நம் காற்பந்தில் விதி ரொம்பத் தாராளம். 0.6 முதல் 1.1 அட்மாஸ்ஃபியர், அதாவது 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ. சுற்றளவு 68 முதல் 70 செண்டிமீட்டர், எடை ஆட்டம் தொடங்கும்போது 410 முதல் 450 கிராம். பந்தின் மேலேயே தயாரிப்பாளர் ஒரு எண் போட்டிருப்பார், அதைத் தாண்டாதீர்கள். நாங்கள் 12 வைக்கிறோம். இந்த விதியின் அகலத்தை மனதில் வையுங்கள், ஏனென்றால் கட்டைவிரலுக்கு மெத்தென்று தெரிகிற 10 பிஎஸ்ஐ பந்து விதிப்படி முழுக்கச் சரியான பந்து. பந்து கோளாறு என்று பட்டால் நடுவரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாற்றக் கூடாது, அவர் அனுமதி வேண்டும். ஃபுட்சால் பந்தைப் பாடாங்குக்குக் கொண்டுவந்துவிட்டுக் காற்று இல்லை என்று கத்துவதும் நடக்கிறது. அது இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 50 முதல் 65 செண்டிமீட்டர் மட்டுமே எழும்படி செய்த பந்து, அதைத் திட்டி என்ன பயன்.

அடுத்தது சூடு. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை போய்விடும். கேஜ் காட்டுவது பந்துக்குள் இருக்கிற மொத்த அழுத்தத்தை இல்லை, வெளிக்காற்றை விட எவ்வளவு அதிகம் என்பதை மட்டும்தான். கடல் மட்டத்தில் வெளிக்காற்று 14.7 பிஎஸ்ஐ. ஆகவே 12 காட்டினால் உள்ளே உண்மையில் 26.7. வெப்பநிலையோடு கூடிக் குறைவது இந்த 26.7 தான், அதுவும் செல்சியஸோடு 273 கூட்டி வரும் எண்ணின் விகிதத்தில். பள்ளிக்கூடத்தில் படித்த வாயு விதிதான், வேறு மந்திரம் இல்லை.

மாமாவின் பந்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். வெயிலில் நின்ற கார் பூட்டில் 45 டிகிரி சர்வசாதாரணம். அங்கே 12 வைத்து அடைத்தார். மழைக்குப் பிறகு பாடாங்கில் 26 டிகிரி. 26.7-ஐ 299-ஆல் பெருக்கி 318-ஆல் வகுத்தால் 25.1 வரும், 14.7 போனால் மிச்சம் 10.4. ஒரு ஊசியும் படாமல் 1.6 பிஎஸ்ஐ காணோம். நான் இதை நம்பாமல் ஒரு சனிக்கிழமை அதே பந்தை அதே காரில் வைத்து, அதே நேரத்தில் அடைத்து, சாயங்காலம் மழை விட்ட பிறகு அளந்தேன். 10.5. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, இதை அன்றைக்கே செய்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

மனக்கணக்குக்கு, 12 வைத்த பந்தில் 10 டிகிரிக்கு ஏறக்குறைய 0.9 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏர்கோன் ஓடும் அறையில் 24 டிகிரியில் அடைத்தால் வெயிலில் 34-க்குப் போகும்போது 12.9 ஆகும். கேமரன் மலைக்கு டீம் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று, அங்கே குளிர் இறக்கினாலும் வெளிக்காற்று மெலிசு என்பதால் கேஜ் கூடுதலாகத்தான் காட்டும், போய் இறங்கியதும் திரும்ப அளந்து சரிசெய்யுங்கள்.

ஆகவே பந்தைப் பாடாங்குக்குக் கொண்டுவந்து, பையிலிருந்து வெளியே எடுத்து, நிழலில் அரை மணி நேரமாவது போட்டுவிட்டு, அப்புறம் அடையுங்கள். ஊசியை ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெயோ கிளிசரினோ தொட்டு நேராக விடுங்கள், காய்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் கொஞ்சம் காற்று போகும், அதனால் ஐந்து பேர் ஐந்து தடவை அளந்து பார்க்க விடாதீர்கள். அதுவே பந்தை இறக்கிவிடும்.

இடைவேளையில் சந்தேகம் வந்தால் ஒரு பந்தை மட்டும் அளக்கக் கூடாது. அதே இடத்தில் கிடந்த, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எல்லாப் பந்தையும் ஒரே மூச்சில் அளங்கள். அமெரிக்காவில் பேட்ரியாட்ஸ் பந்துகளை முதலில் அளந்தார்கள், கோல்ட்ஸ் பந்துகளைப் பிறகு, அதுவும் நேரம் போதாமல் நாலே நாலு. அறைச் சூட்டில் கூடுதல் நேரம் கிடந்த பந்தில் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும், ஆக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே சிக்கலாகிவிட்டது. உங்களிடம் இரண்டு பந்து இருந்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வானிலை. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அப்போதும் ஆளைத் தேடாதீர்கள், வாளியைத் தேடுங்கள். தண்ணீரில் முக்கி வால்வையும் தையலையும் பாருங்கள், குமிழி வந்தால் ஓட்டை. வராவிட்டால் வீட்டில் ஒரே அறையில் ஒரு நாள் வைத்து மறுபடி அளங்கள். உள்ளே இருக்கிற காற்றுப்பை (பிளாடர்) லேட்டக்ஸ் என்றால் பியூட்டைல் ரப்பரை விட வேகமாக இறங்கும், அது அதன் சுபாவம்.

இத்தனையும் பார்த்த பிறகும் கணக்கு உதைத்தால், அப்போதுதான் பந்து யார் கையில் இருந்தது என்ற கேள்விக்கு வர வேண்டும். இங்கேதான் மாமாக் கடை விவாதங்களும் தடம் மாறுகின்றன, டிஃப்லேட்கேட் பற்றிப் பேசும்போது மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். காற்று குறைந்ததா, யாராவது குறைத்தார்களா, குறைந்ததால் லாபம் கிடைத்ததா. மூன்றுக்கும் தனித்தனி ஆதாரம் வேண்டும்.

பேட்ரியாட்ஸ் மேல் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடுவர் அறையிலிருந்து பந்துகளை எடுத்துப் போன பணியாளர் வழியில் கழிவறைக்குள் போய் சுமார் ஒரு நிமிஷம் 40 விநாடி இருந்தார், அவர் முந்தைய வருஷம் அனுப்பிய குறுஞ்செய்தியில் தன்னைக் 'காற்று இறக்குபவன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேட்ரியாட்ஸுக்காகப் பந்து வீசுகிற முக்கிய வீரர் டாம் பிரேடி தன் கைபேசியை அழித்துவிட்டார். இதெல்லாம் உண்மை. ஆனால் 2015 மே மாதம் வந்த அறிக்கையே 'நடந்திருக்க வாய்ப்பு அதிகம்' என்ற அளவோடு நின்றது. லாபக் கேள்விக்கு வந்தால், இடைவேளையில் காற்றடைத்துக் கொடுத்த பந்துகளோடு பேட்ரியாட்ஸ் இரண்டாம் பாதியில் 28 புள்ளி எடுத்தார்கள், கோல்ட்ஸ் ஒன்றுகூட எடுக்கவில்லை, ஆட்டம் 45-7.

'கோர்ட்டே குற்றவாளி என்று சொல்லிவிட்டதே' என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். சொல்லவில்லை. பிரேடிக்கு நாலு ஆட்டம் தடை, டீமுக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற இரண்டு 'டிராஃப்ட்' வாய்ப்பு பறிப்பு, இதெல்லாம் லீக் கொடுத்தது. 2015 செப்டம்பரில் ஒரு நீதிபதி அந்தத் தடையை ரத்து செய்தார், 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்று திரும்பக் கொண்டுவந்தது. இரண்டு முறையும் பேசப்பட்டது லீக் தலைவருக்கு அந்த அதிகாரம் உண்டா, நடைமுறை சரியா என்பதுதான், பந்தில் காற்றை யார் எடுத்தார் என்பது இல்லை. என் கருத்து, குளிர் பெரும்பகுதியைச் செய்துவிட்டது, மீதியை நிரூபிக்க அந்த எண்கள் போதாது.

நம் காற்பந்தில் இரண்டு டீமும் ஒரே பந்தைத்தான் உதைக்கிறோம் என்பதையும் மறக்க வேண்டாம், மெத்தென்ற பந்து இருவருக்கும் மெத்துதான். 1930 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் பந்து யாருடையது என்று ஒத்துவராமல் முதல் பாதி அர்ஜென்டினா பந்து, இரண்டாம் பாதி உருகுவே பந்து என்று ஆடினார்கள். அர்ஜென்டினா 2-1 முன்னிலையில் இருந்தது, உருகுவே 4-2 என்று ஜெயித்தது. உங்கள் பாடாங்கில் தகராறு தீரவில்லை என்றால் இதையே செய்யலாம், பாதிக்குப் பாதி, இரண்டையும் எல்லோர் முன்னாலும் அளந்து.

புகார் சொல்ல வேண்டுமென்றால் கேப்டன் கேப்டனிடம், நடுவர் பக்கத்தில் இருக்கும்போது, "பந்து 2 ஆரம்பத்தில் 12, இப்போது 9, மற்றது 11" என்று சொல்லுங்கள். ஆள் பெயரைச் சொல்லாதீர்கள். பெரியவர் ஒருவர் முகத்துக்கு நேரே, பிள்ளைகள் பார்க்க, ஊசி விட்டாய் என்று சொன்னால் பிறகு எந்த எண்ணும் அதைத் திருப்பி எடுக்காது.

நான் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன், எதிர் டீம் கேப்டனையும் கூட்டிக்கொண்டு. மாமா கணக்கை இரண்டு தடவை படித்துவிட்டு, "அந்தக் கேஜ் எங்க வாங்கின?" என்று கேட்டார். இப்போது அது அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது.