சுவரில் பறவை வரையும் முன்

2012இல் ஜார்ஜ் டவுனில் எர்னஸ்ட் சக்காரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகளுக்குப் பிறகு, பினாங்கில் வெற்றுச்சுவரைக் கண்டாலே பலருக்குக் கை துறுதுறுக்கிறது. அருகிவரும் பறவைகளுக்காக வரைய நினைக்கும் பள்ளிகளுக்கும் குடியிருப்புக்காரர்களுக்கும் சில எச்சரிக்கைகள்.

அலகின்மேல் கொம்புள்ள இருவாச்சி என்று நினைத்து டூக்கானை வரைந்துவிடுகிறார்கள். இணையத்தில் முதலில் அகப்படும் படத்தைப் பார்த்து வரைவதன் பலன் இது. டூக்கான் அமெரிக்கக் காடுகளின் பறவை. அதன் அலகின்மேல் கொம்பு கிடையாது. இருவாச்சிகளுக்குள்ளும் குழப்பம் உண்டு. மேல்நோக்கி வளைந்த கொம்பு காண்டாமிருக இருவாச்சிக்கு உரியது. தலைக்கவச இருவாச்சிக்குக் கொம்பு குட்டை, வாலின் நடுவில் இரண்டு நீண்ட இறகுகள். அதன் கொம்பு உள்ளே கெட்டியானது, தந்தம்போலச் செதுக்கலாம். அதற்காகவே வேட்டையாடி, 2015இல் 'மிக அருகிய' இனமாக அறிவிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சிற்பக் கலையே எமனாகிப்போன பறவையை ஓவியத்திலாவது உருமாற்றாமல் விடலாம்.

அந்த இருவாச்சியைப் பார்க்கப் பேராக்கின் பெலும் காட்டுக்குப் போகவேண்டும். நம் கரைக்கே வரும் பறவைகளை யாரும் வரைவதில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம். பட்டர்வொர்த்துக்கு வடக்கே, தெலுக் ஆயர் தாவார் முதல் குவாலா மூடா வரையிலான சேற்றுக்கரைக்கு, ருஷ்யாவின் கிழக்குக் கோடியில் குஞ்சு பொரிக்கும் நோர்ட்மன் பச்சைக்காலி என்ற கரைப்பறவையும் கிழக்காசியக் கோட்டானும் வருகின்றன. இரண்டுமே அருகிவருபவை. (கோட்டான் என்றதும் ஆந்தையை வரைந்துவிடாதீர்கள்! இது நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை.) பழுப்பு நிறம் சுவரில் எடுக்காது என்பார்கள். எடுக்க வைப்பதற்குத்தானே ஓவியர்?

எந்த மாதம் பறவை வரும், நீர் ஏறும்போது எங்கே ஒதுங்கும் என்பதெல்லாம் அங்குள்ள மீனவர்களுக்கு அத்துப்படி. அவர்களை ரிப்பன் வெட்டும் நாளில் மட்டும் கூப்பிட்டால், பிறகு சாயம் உரியும்போது எட்டிப்பார்க்க ஆளிருக்காது. மாணவர்களைக் கரைக்கு அழைத்துப் போனால், ஒதுங்கி நிற்கும் கூட்டத்தைப் படமெடுப்பதற்காகக் கிளப்பிவிடாதீர்கள். வீணாகப் பறக்கும் ஒவ்வொரு முறையும், அடுத்த நெடும்பயணத்துக்குச் சேர்த்த கொழுப்புதான் கரையும்.

பழைய கடைவீடுகளில் மாநகர் மன்றத்தைக் கேட்காமல் தூரிகை எடுக்கவேண்டாம். சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் சாயம் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு உப்பும்.

இன்னொன்று, திறப்பு விழாவில் கூண்டுப் பறவைகளைப் பறக்கவிடுவது. பறக்கவிட வாங்குவதற்கு ஆள் இருக்கும்வரை, பிடித்து விற்கவும் ஆள் இருப்பான். நான் போன ஒரு விழாவில் சிறப்பு விருந்தினர் கையிலிருந்து கிளம்பிய பறவை கால்வாய் ஓரம்வரைதான் பறந்தது. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தோம், பூனை ஒன்று எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தது.