“லினக்ஸ் ஓடுமா?”னு கடையில் கேட்காதீங்க

“ஏனுங்ணா, இதுல லினக்ஸ் ஓடுங்களா?” என்று கோவை காந்திபுரத்தில் எந்தக் கம்ப்யூட்டர் கடையில் கேட்டாலும் “சூப்பரா ஓடுமுங்க” என்றுதான் சொல்வார்கள். அது பொய்யில்லை, கேள்விதான் தப்பு. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் எப்படியும் ஓடிவிடும்; வைஃபை எடுக்குமா, மூடித் திறந்தால் லேப்டாப் தூக்கத்திலிருந்து எழுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நிறையப் பேர் பிராண்டைப் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் சிப்பை. ஒரே மாடலில்கூட ஒரு லாட்டில் இன்டெல் வைஃபை வரும், இன்னொரு லாட்டில் வேறு ஏதாவது வரும். இன்டெல்லுக்கு டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. பிராட்காம் சிப் பலவற்றுக்குத் தனியாகப் போட வேண்டும், அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும்! (போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி நெட் எடுத்துத் தப்பிக்கலாம்.)

அடுத்தது, மலிவு யுஎஸ்பி டாங்கிள், அதாவது யுஎஸ்பியில் சொருகும் குட்டி வைஃபை கருவி. திருப்பூரில் மாமா பையன் பனியன் கம்பெனிக்கு ஒன்று வாங்கி வந்தான். சொருகினால் சிடி டிரைவ் என்று காட்டுகிறது, திறந்தால் உள்ளே விண்டோஸ் டிரைவர் மட்டும். யாரோ எழுதி வைத்திருந்த டிரைவரைத் தேடி, ராத்திரி உட்கார்ந்து கம்பைல் செய்து (ஓடும் புரோகிராமாக மாற்றி) ஓட வைத்தேன். பத்தே நாளில் கெர்னல் அப்டேட் வந்தது, பழைய கெர்னலுக்குக் கம்பைல் செய்த டிரைவர் எடுபடாமல் டாங்கிள் படுத்துவிட்டது. அதுவும் சனிக்கிழமை, சம்பளம் போடுகிற நாள்.

செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கிறதென்று ரொம்பப் பழைய என்விடியா கிராபிக்ஸ் கார்டையும் எடுக்காதீங்க. புது டிரைவர் அதைக் கண்டுகொள்ளாது, பழைய டிரைவர் புது கெர்னலில் முரண்டு பிடிக்கும். கணக்கு வழக்குக்கும் படம் பார்க்கவும் இன்டெல், ஏஎம்டி பிராசசரோடு வரும் கிராபிக்ஸே தாராளம். பிரிண்டர் என்றால் பெட்டியில் ஏர்பிரிண்ட் (ஆப்பிளின் வயர்லெஸ் பிரிண்ட் வசதி) என்று போட்டிருக்கிறதா பாருங்க, அப்படிப்பட்டவை பெரும்பாலும் டிரைவரே இல்லாமல் ஓடும்.

சரி, எப்படித்தான் வாங்குவது? ஒரு பென் டிரைவில் உபுண்டு, மின்ட் மாதிரி ஏதாவது ஒரு லினக்ஸை ஏற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்க. காசு கொடுப்பதற்கு முன்னால் அதிலிருந்தே பூட் செய்து வைஃபை, சவுண்டு, கேமரா எல்லாம் பார்த்துவிடலாம், ஹார்டு டிஸ்கில் எதுவும் மாறாது. “வைரஸ் கிய்ரஸ் வந்துருமுங்களா?” என்று கடைக்காரர் பக்கத்திலேயே நிற்பார், நிற்கட்டும்.

சீல் உடைக்க மாட்டோம் என்றால், வைஃபை கார்டு கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கிறதா, போர்டோடு சேர்த்துப் பற்றவைத்ததா என்றாவது நெட்டில் பார்த்துக்கொள்ளுங்க. கழற்ற முடிந்தால் பின்னால் இன்டெல் கார்டு மாற்றிக்கொள்ளலாம். அதிலும் ஏஎம்டி லேப்டாப்புக்கு ஏஎக்ஸ்201 என்ற இன்டெல் வைஃபை கார்டை வாங்கிவிடாதீங்க, அது இன்டெல் பிராசசரோடு மட்டும்தான் பேசும். ஏஎக்ஸ்210 என்று நம்பரைச் சொல்லியே கேளுங்க.